இருமலும் பதின்மூன்றாம் வளையலும்

பாப்பிரெட்டிப்பட்டியில் நூர் பாஷாவின் வளையல் கடைக்கு வந்துபோன பெண்களில் பாதிப் பேர், கடைக்காரர் மகள் ஹமீதுன்னிசாவுக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். மீதிப் பாதிப் பேர் அவளுக்குப் பேச்சே வராது என்று நினைத்தார்கள். இரண்டு தரப்பும் ஏறக்குறைய சமமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. யார் வரும்போது இருமுவது, யார் வரும்போது சும்மா இருப்பது என்பதை அவள் ஒரு நாலணாக் காசைச் சுண்டிப் பார்த்துத்தான் முடிவு செய்தாள்.

ஹமீதுன்னிசாவை வீட்டில் நிசா என்று கூப்பிடுவார்கள். தருமபுரிக்கு மூன்று வருடம் பஸ்ஸில் போய் வந்து புள்ளியியலில் பி.எஸ்ஸி. முதல் வகுப்பு வாங்கியவள். வகுப்பில் விடை தெரிந்தாலும் கையைத் தூக்கமாட்டாள். ஆசிரியை அவளையே பார்த்துக் கேட்டுவிட்டால், விடையைப் பக்கத்தில் இருப்பவளின் காதில் சொல்லி அவளை எழுந்து சொல்லவைப்பாள். அப்படி மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கெட்டிக்காரி என்று பேர் வாங்கி, இப்போது ஒரு வங்கியில் வேலையாக இருக்கிறாள்.

நிசாவுக்கு எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும். அது சேலத்தில். தினமும் போய் வர முடியாது, விடுதியில்தான் தங்க வேண்டும். படிப்பைப் பற்றி அவள் அத்தா நூர் பாஷாவுக்குக் குறை ஒன்றும் இல்லை. விடுதிச் செலவைப் பற்றித்தான் இருந்தது.

நூர் பாஷாவின் கடையில் ஒரு வழக்கம். வடக்கேயிருந்து வைக்கோல் பொதிந்த பெட்டிகளில் வரும் கண்ணாடி வளையலை அவரே பெண்களின் கையைப் பிடித்து, முட்டியை அமுக்கி, பேச்சுக் கொடுத்தபடி ஏற்றுவார். ஏற்றும்போது உடைந்தால் அது கடையின் நட்டம். ஒரு டஜன் ஏறி முடிந்ததும் தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போட்டுவிடுவார். “இது கடையோடது தாயி. கணக்குல வராது,” என்பார். அந்தப் பதின்மூன்றாவது வளையலை அவருடைய அத்தாவும் போட்டார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

கணக்கில் வராததைக் கணக்கில் கொண்டுவந்து பார்த்தாள் நிசா. ஒரு வருடத்தில் இப்படிச் சும்மா போகும் வளையலின் விலை, சேலத்து விடுதிக்குக் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. இதை அவள் அத்தாவிடம் நேராகச் சொல்லவில்லை. அம்மா அக்தர் பேகத்தின் காதில் சொன்னாள். அம்மா அதைச் சாப்பாட்டின்போது எடுத்து வைத்தார்.

“அதை நிறுத்துனா எவ வருவா?” என்றார் அத்தா. “பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஃபேன்சி ஸ்டோர் தொறந்திருக்கான். பட்டப்பகல்ல டியூப்லைட்டு போடறான். இந்த ஒத்த வளையலுக்குத்தான் நம்மகிட்ட வர்றாங்க.”

நிசா அம்மாவின் காதுக்குக் குனிந்தாள்.

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கறா.”

“முப்பது வருசமா கடையில உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?”

மறுபடியும் காது.

“முப்பது வருசமா எல்லாருக்கும் குடுத்தா, குடுக்காட்டி என்ன ஆவும்னு எப்படித் தெரியும்ங்கறா.”

அத்தா சோற்றைப் பிசைந்து முடித்தார். பிறகு மனைவியைப் பார்த்து, “உன் பொண்ணு பேசாததே நல்லதுன்னு தோணுது,” என்றார். ஆனால் அவர் வியாபாரி; கேள்வி மனதில் தங்கிவிட்டது. பேச்சு இப்படி முடிந்தது: கொசுறு வளையலை நிறுத்தினாலும் பெண்கள் திரும்பி வருவார்கள் என்று நிசா காட்டிவிட்டால், நிறுத்தி மிஞ்சும் பணம் அவள் படிப்புக்கு. காட்டாவிட்டால் எல்லாம் பழையபடி, அவள் கல்யாணம் உட்பட.

எண்பத்தாறாம் வருடம் ஆடி மாதம் சோதனை தொடங்கியது. வரும் பெண்களில் பாதிப் பேருக்குக் கொசுறு உண்டு, பாதிப் பேருக்கு இல்லை. யாருக்கு என்பதை அத்தாவிடம் விட்டால் அவர் சிரித்துப் பேசுகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுவார். பிறகு அவர்கள் திரும்பி வந்தது வளையலுக்கா, அத்தாவின் பேச்சுக்கா என்று தெரியாது. அதனால் காசு. தலை விழுந்தால் வளையல். பூ விழுந்தால் இல்லை. மூன்று மாதத்துக்குள் யார் யார் திரும்பி வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பாடப்புத்தகம் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

விழுந்ததை அத்தாவுக்கு எப்படித் தெரிவிப்பது என்பதில்தான் புத்தகம் உதவவில்லை. முன்பக்கம் அத்தாவும் பெண்களும். பின்பக்கம் பெட்டிகளுக்கு நடுவே நிசா. வந்தவர்கள் காதுபட “இவங்களுக்கு வேண்டாம்” என்று அவளால் சொல்ல முடியாது. ஒரு சின்ன மணி வைத்திருக்கலாம். ஒரு அட்டையைத் திருப்பி வைத்திருக்கலாம். புள்ளியியல் முதல் வகுப்புக்குத் தோன்றியது இருமல். வைக்கோல் தூசியில் உட்கார்ந்திருந்ததால் இருக்கலாம்.

பூ விழுந்தால் இருமுவாள். அத்தா தட்டை மூடிவிடுவார். முதல் சில நாட்கள் அவர் கை தானாகத் தட்டுக்குப் போய், இருமல் கேட்டுத் திரும்பும். கொடுக்காமல் அனுப்பும்போது அவருக்கு முகம் வாடிவிடும். ஒரு நாள், “உன் படிப்பு எனக்குப் பாவத்தச் சேக்குது,” என்றார்.

பெண்களின் பேரும் ஊரும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது நிசாவின் வேலை. அதற்கு வெளியே வந்து வாயைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் நாளையிலிருந்து கேட்கலாம் என்று இருந்தாள். அத்தா பேர் சொல்லி அழைக்கும் பழக்கமான பெண்களை மட்டும் உள்ளிருந்தே காதில் வாங்கி, வளையல் பெட்டியின் அட்டையில் எழுதினாள். மற்றவர்கள் வந்தார்கள், போட்டுக்கொண்டார்கள், போனார்கள். இருநூறு பேரை எழுத நினைத்தவள் தீபாவளிக்கு எண்ணிப் பார்த்தபோது நாற்பது பேர் இருந்தார்கள்.

கொசுறு வாங்கிய இருபது பேரில் ஒன்பது பேர் திரும்பி வந்திருந்தார்கள். வாங்காத இருபதில் ஏழு பேர்.

இந்த இரண்டு பேர் வித்தியாசம் காசின் விளையாட்டில் தானாக வந்ததா, நிஜமாகவே கொசுறுக்கு ஒரு இழுப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கணக்குப் போட்டால் ஒரு எண் வரும். அது மூன்று புள்ளி எட்டு நான்கைத் தாண்டினால், தானாக வந்ததென்று ஒதுக்க முடியாது. நிசாவுக்கு வந்த எண் அரையைக்கூடத் தொடவில்லை. அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். வித்தியாசம் இல்லை. கொசுறால் ஒரு பயனும் இல்லை. சேலம்.

சந்தோஷம் சாயங்காலம் வரை நின்றது. துணி மடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டாம் வகைப் பிழை என்று தலைப்பிட்ட பக்கம் நினைவுக்கு வந்தது. பரீட்சைக்கு அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்திருந்தாள்; தன்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று அப்போது தெரியாது. இருக்கிற வித்தியாசத்தை இல்லை என்று சொல்லிவிடுவது அந்தப் பிழை. அதில் விழாமல் இருக்கும் வல்லமைக்குச் சோதனையின் திறன் என்று பேர். அவளுடைய சோதனையின் திறனைக் கணக்கிட்டுப் பார்த்தாள். கொசுறு கொடுத்தால் நூறு பேரில் பத்துப் பேர் கூடுதலாகத் திரும்பி வருவது உண்மையாகவே இருந்தாலும், நாற்பது பேரை வைத்துக்கொண்டு அவள் அதைக் கண்டுபிடிக்கப் பத்தில் ஒரு வாய்ப்புத்தான். பெரிய கண் சல்லடையில் ராகியைச் சலித்துவிட்டு, மேலே ஒன்றும் நிற்கவில்லை, ஆகவே ராகியே இல்லை என்று சொல்வது மாதிரி.

இன்னொன்றும் உறைத்தது. அவளுக்கு வேண்டிய விடை ‘வித்தியாசம் இல்லை’ என்பது. அந்த விடையை வாங்கச் சுலபமான வழி, கொஞ்சம் பேரோடு நிறுத்திக்கொள்வது. அவள் கூச்சம் அவளுக்கே தெரியாமல் அவள் பக்கம் வேலை செய்திருக்கிறது. நான்கு பேரோடு நிறுத்தியிருந்தால் இன்னும் தைரியமாகச் சேலம் போயிருக்கலாம்.

பிழை இல்லாமல் பார்க்க ஒவ்வொரு பக்கமும் முந்நூற்றெழுபது பேர் வேண்டும் என்றது கணக்கு. பாப்பிரெட்டிப்பட்டியில் அவள் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடியவர்கள் ஆறு பேர். அதில் ஒருவர் அம்மா.

பங்குனி வரை நீட்டிக்கலாம் என்று அம்மாவின் காதில் சொன்னாள். நேர்மையால் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பயத்தாலும் இருக்கலாம். கொசுறை நிறுத்திய பிறகு கடை படுத்துவிட்டால் காதில் சொல்லித் தப்பிக்க முடியாது.

இந்த முறை பேர், ஊர் கேட்கும் வேலையை அத்தாவே எடுத்துக்கொண்டார். அவருக்குக் கூச்சம் கிடையாது. “பேரு என்ன தாயி? எந்த ஊரு? யாரு வூடு?” என்று உரக்கக் கேட்பார். பதிலை உள்ளே நிசா எழுதுவாள். ஒரு நிமிடம் அமைதி. காசு விழும். பிறகு இருமல், அல்லது வளையல்.

மார்கழியில் வழக்கமாக ஈ ஓட்டும் கடையில் கூட்டம் வந்தது. பொம்மிடியிலிருந்தும் கடத்தூரிலிருந்தும் பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள். சிலர் குளித்து, தலை ஈரம் காயாமல் வந்தார்கள். ஒரு பெண் போகும்போது பெட்டிகளின் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். வாரச் சந்தையில் காய்கறிக் கடை போடும் ராணியம்மாள், இருமலுக்கென்று பனங்கற்கண்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் தேன் வந்தது. துளசி வந்தது. அறிவியல் படித்த நிசா கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த பேரை எழுதினாள். இதெல்லாம் எதற்கு வருகிறது என்று கேட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அது அட்டையில் எழுதவேண்டிய விஷயமாகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு மட்டும் கவலை. அரூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், கடைவீதியில் விசாரித்துவிட்டு, போய் எழுதுகிறோம் என்றார்கள்; எழுதவில்லை.

“இருமறவளக் கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அலையவான்னு பேசிக்கிட்டாங்களாம்,” என்றார் அம்மா. “ஏண்டி, வேற எதாச்சும் பண்ணித் தொலையக்கூடாதா? கனைச்சா ஆவாதா?”

நடுவில் முறையை மாற்றக்கூடாது என்றாள் நிசா.

மாசி முடிவில் அட்டைகளைப் பரப்பினாள். பக்கத்துக்கு எண்பது பேர். முந்நூற்றெழுபது இல்லைதான், ஆனால் இந்த முறை வந்த வித்தியாசத்துக்கு எண்பது தாராளமாகப் போதும். கொசுறு வாங்கிய எண்பது பேரில் முப்பது பேர் திரும்பி வந்திருந்தார்கள். வாங்காத எண்பதில் நாற்பத்தொன்பது பேர். மூன்று முறை சரிபார்த்தாள். எண் ஒன்பதைத் தொட்டது. மூன்று புள்ளி எட்டு நான்கு எங்கோ கீழே நின்றது.

கொடுக்காவிட்டால்தான் வருகிறார்கள்.

ஏன் என்று யோசிக்க அவளுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பதின்மூன்று போட்டவளுக்கு ஒன்று உடைந்தாலும் டஜன் குறையாது. அவள் கடைக்கு வரத் தேவையில்லை. பன்னிரண்டு போட்டவளுக்கு ஒன்று உடைந்தாலே கை குறைந்துவிடும். வந்தே ஆக வேண்டும். கொசுறு என்பது கடைக்காரன் தன் அடுத்த வியாபாரத்தைத் தானே தானம் செய்வது. இதைத் தலைப்போடு ஒரு தாளில் எழுதி, கீழே தன் பெயரைப் போட்டு, பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்றும் போட்டு, சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எம்.எஸ்ஸி. என்று எழுத இடம் இருக்கிறதா என்றும் பார்த்தாள்.

அத்தாவுக்கு விளங்கவில்லை. “முப்பது வருசமா நான் குடுத்துக் குடுத்தா ஆளுங்களை விரட்டியிருக்கேன்?” என்றார். ஆனால் கூட்டம் கண்ணெதிரே இருந்தது. சித்திரையிலிருந்து கொசுறை நிறுத்திவிடலாம் என்றார். சேலத்துக்கு விண்ணப்பம் கேட்டு எழுதச் சொன்னார். அன்று மத்தியானம் அம்மா சேமியா கிண்டினார்.

விண்ணப்பம் வந்த வாரத்தில், வெயில் ஏறிய ஒரு பகலில், ராணியம்மாள் ஓர் இளம்பெண்ணின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

“பாய், இவ மாதம்மா. எங்கண்ணன் மருமவ.”

“தெரியுமே. சித்தேரி அடிவாரம்,” என்றார் அத்தா. “உக்காரு தாயி. போன வாரம்தானே போட்ட?”

“போன வாரமும் போட்டா, அதுக்கு முந்தியும் போட்டா. நாலு வாட்டி ஆச்சு. கழட்டுனதெல்லாம் வாங்கிப் போட்டு, இவ நாத்தனாளுங்க கையெல்லாம் உங்க கடை வளையலுதான். நான் உங்ககிட்ட பேச வரல பாய். உள்ள இருக்கற பாப்பாகிட்ட பேசணும்.”

உள்ளே இருக்கிற பாப்பா நாலணாவைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“பாப்பா, இந்த ஒரு வாட்டி இருமாம இரு கண்ணு. புண்ணியமாப் போவும்.”

“அவ இருமறதுக்கு என்னங்க?” என்றார் அத்தா.

“என்னவா? ஊரு பூரா தெரியும், உங்களுக்குத் தெரியாதா? பாப்பா இருமலன்னா கொசுறு வளையலு. கொசுறு விழுந்தா வவுத்துல புள்ள. இருமிடுச்சின்னா இப்போதைக்கு இல்ல. காசியம்மா மருமவளுக்கு வளையலு விழுந்து அடுத்த மாசமே நின்னுச்சே. பேரு ஊரு கேட்டு, பாப்பா உள்ள எழுதிப் பாத்துத்தானே சொல்லுது? வாயத் தொறந்தா வாக்கு போயிரும்னுதான் பேசாம இருக்குதுன்னு சொல்றாங்க.”

நிசாவுக்குக் காது சூடாகியது. காசியம்மாள் மருமகள் ஒருத்தி. முந்நூற்றெழுபது பேர் இல்லாமல் வாயைத் திறக்கக்கூடாது என்று அவள் உட்கார்ந்திருக்க, ஊர் ஒரே ஒருத்தியை வைத்து முடிவு கட்டிவிட்டிருந்தது. முப்பதும் நாற்பத்தொன்பதும் எங்கிருந்து வந்தன என்று இப்போது தெரிந்தது. வளையல் விழுந்தவள் நிம்மதியாக வீட்டில் இருந்தாள். இருமல் விழுந்தவள் மறுபடி கேட்டுப் பார்க்க வந்தாள். கணக்கில் வந்த ஒன்பது என்ற எண் பொய் சொல்லவில்லை. வித்தியாசம் நிஜம். எதனால் என்று ஒன்பது சொல்லவே இல்லை. அதை மட்டும் நிசா சொல்லியிருந்தாள், பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. போட்டு.

மாதம்மாள் இதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க மாமியா ஆடி வரைக்கும்தான் பாக்கறாங்களாம்,” என்றாள். “அப்புறம் அவருக்கு வேற எடத்துல கேக்கப் போறாங்களாம். நாலு வாட்டியும் இருமிட்டாங்கன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிபோச்சி.”

நிசா எழுந்தாள். பாவாடையில் ஒட்டிய வைக்கோலோடு வெளியே வந்தாள். அத்தாவே அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

“நான் ஒண்ணும் சொல்லலீங்க,” என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “எனக்கு எதுவும் தெரியாது. நான் காசு சுண்டறேன். தலை விழுந்தா சும்மா இருப்பேன். பூ விழுந்தா இருமுவேன். அவ்வளவுதான். வியாபாரத்துக்காக ஒரு சோதனை. வவுத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க.” வெளியாட்களிடம் அவள் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

“பூ விழுந்தா இருமுவியா?” என்றார் ராணியம்மாள். “பூ நல்லதாச்சே கண்ணு.”

“நல்லது கெட்டதெல்லாம் இல்லீங்க. தானா விழுது.”

“சுண்டறது நீ. விழ வக்கிறது நீயா?”

இல்லை. அது அவள் இல்லை. புத்தகம் அதைத் தற்செயல் என்று சொன்னது. அதற்கு மேல் அது யார், எந்த ஊர் என்று சொல்லவில்லை.

“அப்ப எனக்கு மட்டும் ஏன் நாலு வாட்டியும் பூவே விழுந்திச்சி?” என்று கேட்டாள் மாதம்மாள்.

இதற்கு நிசாவுக்கு விடை தெரியும். தொடர்ந்து நான்கு முறை பூ விழுவது பதினாறில் ஒன்று. திரும்பத் திரும்ப வந்தவர்கள் அத்தனை பேரில் யாராவது ஒருத்திக்கு அது விழுந்தே தீரும். விழாவிட்டால்தான் காசைச் சந்தேகப்பட வேண்டும். “அத்தனை பேருல யாருக்காச்சும் அப்படி விழுங்க,” என்றாள்.

“அந்த யாருக்காச்சும்ங்கறது நானா இருக்கறனே,” என்றாள் மாதம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு கையை நீட்டி அத்தாவின் முன் வைத்தாள். “சுண்டியே பாருங்க பாப்பா. இதுதான் கடைசி.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். காசை அத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். கூச்சப்படுகிறவர்களுக்குச் சொன்னதைச் செய்வது மறுப்பதைவிடச் சுலபம். நிசா உள்ளே போய்ப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அத்தா பழைய வளையலைக் கழற்றி, சிவப்பில் ஒரு டஜன் எடுத்து ஏற்றத் தொடங்கினார். எப்போதும் பேசிக்கொண்டே ஏற்றுகிறவர் இன்று பேசவில்லை. கண்ணாடி உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

காசைச் சுண்டினாள். மடியில் விழுந்தது. பார்த்தாள்.

பூ.

பரவாயில்லை, இருமாமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள். எட்டு மாதமாக நடத்திய சோதனையை உடைக்கிறோம் என்ற எண்ணமே வரவில்லை. வந்தது தொண்டையில் ஒரு அரிப்பு. எட்டு மாத வைக்கோல் தூசி. அதைவிட, பூவைப் பார்த்தால் இருமவேண்டும் என்று பழகிப்போன தொண்டை. நெஞ்சுக்குள்ளிருந்து ஏறி வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. இடுக்கு வழியாகப் பார்த்தாள். டஜன் ஏறிவிட்டது. அத்தாவின் கை தட்டின் மேல் நின்றது. ராணியம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாதம்மாள் கண்ணை மூடியிருந்தாள். அத்தா காத்திருந்தார். எப்போதும் காத்திருப்பதைவிட அதிக நேரம், நியாயமான மனிதராக, இருமலுக்குப் போதுமான அவகாசம் கொடுத்துக் காத்திருந்தார்.

நிசாவுக்குக் காது அடைத்தது. பற்களுக்கு நடுவே முந்தானை நைந்தது.

“இது கடையோடது தாயி,” என்றார் அத்தா. “கணக்குல வராது.”

பதின்மூன்றாவது வளையல் ஏறிய சத்தம் கேட்டதும் நிசா கொல்லைப்பக்கம் ஓடினாள். கிணற்றடியில் நின்று அவள் இருமிய இருமலைக் கேட்டு அம்மா உலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

அன்று சாயங்காலம் அத்தா கடையைச் சீக்கிரம் சாத்தினார்.

“குறி சொல்ற வூடுன்னு பேரு வாங்கியாச்சு,” என்றார். “நம்ம மார்க்கத்துல அடுக்குமா இது? நாளைக்கு ஜமாஅத்துல கேட்டா என்ன சொல்றது?” பிறகு அம்மாவைப் பார்த்து, “கேளு உன் பொண்ண. இப்ப கொசுற நிறுத்தலாமா, கூடாதா?”

அம்மா காதைச் சாய்த்தார். நிசா அந்தப் பக்கம் குனியவில்லை.

“தெரியல அத்தா,” என்றாள் நேராக.

“நிறுத்துனா வருவாங்களா?”

“தெரியல.”

“குடுத்தா வருவாங்களா?”

“அதுவும் தெரியல. மொத தடவ ஆளு பத்தல. ரெண்டாம் தடவ வந்தவங்க எல்லாம் வேற எதுக்கோ வந்தவங்க. நான் சொன்னது எதுக்கும் ஆதாரம் இல்ல.”

“மூணு வருசம் படிச்சி, எட்டு மாசம் இருமி, தெரியலன்னு சொல்றியா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினாள். தாளையும் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய், எரிக்க ஆகும் என்று அடுப்பங்கரையில் வைத்தாள். அவற்றோடு விண்ணப்பத்தையும் வைத்தாள். அம்மா விண்ணப்பத்தை மட்டும் எடுத்து மாவு டப்பாவுக்குப் பின்னால் செருகினார்.

மறுநாளிலிருந்து எல்லாருக்கும் கொசுறு. காசு கல்லாப்பெட்டிக்குத் திரும்பியது. கூட்டம் ஒரு மாதத்தில் வடிந்தது. “எல்லாருக்கும் போட்டா அதுக்கு என்ன மதிப்பு?” என்று கடத்தூர்ப் பெண் ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். ஃபேன்சி ஸ்டோரில் டியூப்லைட்டு இன்னொன்று போட்டார்கள். ராணியம்மாள் வந்து, மாதம்மாளின் மாமியார் பதின்மூன்றை எண்ணிப் பார்த்துவிட்டு, ஆடி வேண்டாம், தை வரைக்கும் பார்ப்போம் என்று சொன்னதாகச் சொன்னார். பிள்ளை உண்டாகியிருக்கிறதா என்று நிசா கேட்கவில்லை. ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் அது ஒருத்திதான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனாலும் ராணியம்மாள் தலை தெரிந்தால் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

வைகாசியில் ராயக்கோட்டையிலிருந்து இன்னொரு இடம் வந்தது. வந்து போன பிறகு, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று அம்மா மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து விண்ணப்பத்தை எடுத்து அத்தாவின் முன்னால் வைத்தார்.

“ரெண்டு எடம் தட்டிப்போச்சு. ரெண்டும் இருமலாலதான். இனிமே இந்தப் பக்கத்துல யாரும் இவளக் கேக்கமாட்டாங்க. இங்க உக்காந்து என்ன பண்ணுவா? கல்யாணத்துக்குன்னு கட்டற சீட்ட எடுங்க. போயி படிக்கட்டும். அங்க யாருக்கும் இவ இருமல் தெரியாது.”

இரண்டு என்பது எதற்கும் போதாத எண்ணிக்கை. அதுவும் அரூர்க்காரர்கள் ஸ்கூட்டர் கேட்டிருந்தார்கள். ராயக்கோட்டை மாப்பிள்ளைக்குத் தங்கை கல்யாணம் முடியவில்லை. இருமல்தான் காரணம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. குறைந்தது முப்பது இடமாவது வந்து போயிருக்க வேண்டும். அதில் பாதி இடத்துக்கு அவள் இருமாமல் இருந்திருக்க வேண்டும். இவ்வளவும் நிசாவுக்குத் தெரியும். அத்தாவிடம் நேராகப் பேசவும் இப்போது தெரியும்.

அத்தா விண்ணப்பத்தைத் திருப்பிப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு நிசாவைப் பார்த்தார்.

“உங்கம்மா சொல்ற கணக்கு சரிதானா? நீ என்ன சொல்ற?”

நிசா விண்ணப்பத்தைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மெதுவாக இரண்டு முறை இருமினாள்.